வறட்சியில் தோற்ற உழவர், செத்த மண்ணை மீட்ட கதை: ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

நிலக்கடலை விஞ்ஞானி என்று உலகம் அறிந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், இளமையில் மழையை மட்டும் நம்பி நிலம் திருத்தி, இரண்டே ஆண்டுகளில் ஊரைவிட்டுக் கிளம்பிய மானாவாரி விவசாயி. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து வறண்ட சமவெளியில் அவர் போட்ட தோட்டம் அவருக்குச் சோறு போடவில்லை. ஆனால், பிற்காலத்தில் அலபாமா மாநிலத்தின் ஏழை விவசாயிகளிடம் அவர் பேசிய பேச்சில், பட்டம் பெற்ற விஞ்ஞானியின் அறிவோடு, காய்ந்த நிலத்தில் நின்றவரின் அனுபவமும் கலந்திருந்தது. மண்ணையும் செடியையும் கடவுள் தந்த பாடப் புத்தகமாகவே அவர் கடைசிவரை படித்தார்.

அடிமைக் குடும்பத்துப் பிள்ளை

மிசௌரி மாநிலத்தின் டயமண்ட் குரோவ் என்ற ஊரில், 1864-ஐ ஒட்டி கார்வர் பிறந்தார். அடிமைகளின் பிறந்த நாளை யாரும் சரியாகக் குறித்து வைக்காத காலம் அது. தாய் மேரி, மோசஸ் கார்வர் என்ற ஜெர்மானிய வம்சாவளி விவசாயியின் அடிமை. உள்நாட்டுப் போர்க் குழப்பத்தில் கொள்ளைக் கும்பல் ஒன்று தாயையும் கைக்குழந்தையையும் கடத்திச் சென்றது. குழந்தை மட்டும் மீட்கப்பட்டது. அதற்கு ஈடாக மோசஸ் ஒரு குதிரையைக் கொடுத்தார் என்று சொல்வார்கள். தாய் திரும்பவே இல்லை.

அடிமை முறை ஒழிந்த பின், மோசஸும் அவர் மனைவி சூசனும் அந்தக் குழந்தையையும் அவன் அண்ணன் ஜிம்மையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தனர். ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. வயல் வேலைக்கு உடல் ஒத்துழைக்காததால் சமையல், துணி துவைத்தல், தையல், வீட்டுத் தோட்டம் எனப் பழகினான். ஓய்வு நேரத்தில் காட்டுக்குள் போய், பிடுங்கி வந்த செடிகளைப் புதரோரத்தில் நட்டு வளர்த்தான். வாடிய செடியை எங்கே வைத்தால் பிழைக்கும், எதற்கு நிழல் வேண்டும், எதற்கு மண் மாற்ற வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அக்கம்பக்கத்தார் நோயுற்ற செடிகளை அவனிடம் கொண்டு வந்தனர். செடி வைத்தியர் என்ற பெயர் சிறு வயதிலேயே வந்துவிட்டது.

பரணில் பிறந்த நம்பிக்கை

கார்வரின் கிறிஸ்தவ நம்பிக்கை பெரிய ஆலயத்தில் தொடங்கியது அல்ல. பத்து வயதை ஒட்டிய சமயம். களஞ்சியத்துப் பரணில் மக்காச்சோளம் உதிர்த்துக் கொண்டிருந்தபோது, பக்கத்துப் பண்ணைச் சிறுவன் ஒருவன் ஞாயிறு பள்ளியைப் பற்றியும் ஜெபத்தைப் பற்றியும் சொன்னான். அவன் போன பிறகு, சோளப் பீப்பாய் அருகிலேயே மண்டியிட்டு, தனக்குத் தெரிந்த அளவில் ஜெபித்ததாகக் கார்வர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அன்று முதல் அந்தப் பரண்தான் அவருக்கு ஜெப அறை.

கறுப்பினப் பிள்ளைகளுக்கு உள்ளூரில் பள்ளி இல்லை. சுமார் 8 மைல் தொலைவிலுள்ள நியோஷோவுக்குப் போனார். அங்கே மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி அவரைத் தன் வீட்டில் சேர்த்துக் கொண்டார். பிரசவம் பார்ப்பதும் மூலிகை மருத்துவமும் அவருக்குக் கைவந்த கலை. அவர் பரிசளித்த வேதாகமத்தைக் கார்வர் சாகும்வரை வைத்திருந்தார்.

பிறகு கான்சாஸில் ஊர் ஊராக அலைந்து, சமையல்காரராகவும் துணி வெளுப்பவராகவும் வேலை பார்த்துப் படித்தார். 1879-ல் போர்ட் ஸ்காட் நகரில், ஒரு கறுப்பின மனிதரைக் கும்பல் கொன்றதை நேரில் கண்டு அந்த ஊரைவிட்டே ஓடினார். 1885-ல் ஹைலேண்ட் கல்லூரி கடிதம் மூலம் அவருக்கு இடம் தந்தது. நேரில் போய் நின்றபோது, நிறத்தைப் பார்த்து, இடமில்லை என்று அனுப்பிவிட்டது.

புல்கட்டி வீடும் 17 ஏக்கரும்

கல்லூரிக் கதவு மூடியதும் கார்வர் நிலத்தின் பக்கம் திரும்பினார். 1862-ன் குடியேற்றச் சட்டப்படி, 160 ஏக்கர் அரசு நிலத்தில் வீடு கட்டி, 5 ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்பவருக்கு அது சொந்தமாகும். 1886-ல் மேற்குக் கான்சாஸில் உள்ள நெஸ் மாவட்டத்துக்கு வந்து, பீலர் என்ற ஊர் அருகே அப்படி ஒரு நிலத்தைப் பிடித்தார்.

அது மரமே இல்லாத புல்வெளி. ஆண்டுக்கு 500 மி.மீ. அளவில்தான் மழை. அதுவும் வேண்டிய நேரத்தில் வராது. வீடு கட்ட மரம் கிடையாது என்பதால், புல்தரையை வேரோடு செங்கல்போல வெட்டி அடுக்கித்தான் சுவர் எழுப்புவார்கள். கார்வரும் 14 அடிச் சதுரத்தில் அப்படி ஒரு வீடு கட்டினார். கைப்பாடாகவே 17 ஏக்கரைத் திருத்தி சோளம், மக்காச்சோளம், காய்கறிகள் போட்டார். பழமரக் கன்றுகளும் நட்டார். கூலிக்குப் பக்கத்துப் பண்ணையில் வேலை செய்தார்.

தன் நிலத்தில் தண்ணீர் கிடைக்காமல், பக்கத்துப் பண்ணையிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அத்தனை கஷ்டத்திலும் பூச்செடிகளுக்கு என்று ஒரு சிறிய செடிக்கூடம் வைத்துப் பராமரித்தார். அந்தச் செடிகளைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையே எழுதியது.

1880-களின் பிற்பகுதியில் மேற்குக் கான்சாஸை வறட்சி பிடித்தது. உழுத நிலத்தில் வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சின. ஆயிரக்கணக்கான குடியேறிகள் வண்டியில் பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு கிழக்கே திரும்பினர். கார்வர் 1888-ல் வங்கியில் 300 டாலர் கடன் வாங்கினார். அதே ஆண்டு கோடையில் அவரும் கிளம்பினார். சில ஆண்டுகளில் அந்த நிலம் கைமாறியது.

விவசாயியாக அது தோல்விதான். ஆனால் மழை தவறினால் ஒரு குடும்பம் எத்தனை சீக்கிரம் கடனில் விழும் என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சுமந்து வந்த தண்ணீரை எந்தச் செடிக்கு ஊற்றுவது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டிய நிலையில் அவரே இருந்தார். பிறகு ஏழை விவசாயிகளுக்காக அவர் எழுதிய ஒவ்வொரு யோசனையும், காசில்லாமல் செய்யக்கூடியதாக இருந்ததற்கு இந்த ஆண்டுகளுக்கும் பங்கு உண்டு.

ஓவியத்திலிருந்து வேளாண்மைக்கு

அயோவா மாநிலத்துக்கு வந்த கார்வர், 1890-ல் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். துணி வெளுத்துக் கொடுத்துச் சாப்பாட்டுக்கு வழி தேடிக்கொண்டார். அவர் வரைந்தவை பெரும்பாலும் செடிகளும் பூக்களும். அவர் ஓவிய ஆசிரியை எட்டா பட், இந்த மாணவனுக்குச் செடிகளோடு இருக்கும் உறவைக் கவனித்தார். அவருடைய தந்தை அயோவா வேளாண் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். ஆசிரியையின் யோசனைப்படி 1891-ல் அந்தக் கல்லூரிக்கு மாறினார் கார்வர். அங்கே படித்த முதல் கறுப்பின மாணவர் அவர்தான்.

1894-ல் இளநிலைப் பட்டமும் 1896-ல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பயிர்களைத் தாக்கும் பூஞ்சாண நோய்களில் அவருக்குத் தனித் தேர்ச்சி. அங்கே வேளாண்மைப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் வில்சனோடு சேர்ந்து மாணவர்களின் ஜெபக் கூட்டங்களையும் நடத்தினார். வில்சன் பின்னர் அமெரிக்காவின் வேளாண் அமைச்சர் ஆனார்.

செத்துக் கிடந்த மண்

1896-ல் புக்கர் டி. வாஷிங்டனிடமிருந்து அழைப்பு வந்தது. முன்னாள் அடிமைகளின் பிள்ளைகளுக்காக அலபாமாவில் 1881-ல் அவர் தொடங்கிய டஸ்கீகி நிறுவனத்துக்கு வேளாண் துறைத் தலைவர் தேவை. சம்பளம் ஆண்டுக்கு 1000 டாலர். கார்வர் ஒப்புக்கொண்டார். பிறகு 47 ஆண்டுகள், இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அங்கே அவர் கண்டது, வருடா வருடம் பருத்தியே போட்டு வலுவிழந்த மண். மழை பெய்தால் மேல்மண் அடித்துக்கொண்டு போய், நிலமெங்கும் ஓடைகள் விழுந்திருந்தன. கறுப்பின விவசாயிகளில் பெரும்பாலோர் வாரத்துக்கு உழுபவர்கள். விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கடனுக்கு. அறுவடையில் பாதி நிலக்காரருக்கு, மீதி கடைக்காரருக்கு. வீட்டு வாசல்வரை பருத்திதான். ஒரு கீரைப்பாத்தி போடக்கூட இடம் விடுவதில்லை. கொழுத்த பன்றிக்கறி, சோளமாவு, வெல்லப்பாகு என்று ஒரே உணவு. அதனால் பெலக்ரா என்ற சத்துக்குறைவு நோய் அந்தப் பகுதியை வாட்டியது.

ஆய்வுக்கூடம் என்று எதுவும் இல்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளுக்குப் போனார். உடைந்த புட்டிகள், ஜாடி மூடிகள், பழைய பாத்திரங்களைப் பொறுக்கி வந்து கருவிகளாக மாற்றினார். கடவுள் படைப்பில் குப்பை என்று எதுவும் இல்லை என்பது அவர் நம்பிக்கை. அதை மாணவர்கள் முதல் நாளே கையால் கற்றனர்.

மண்ணுக்குச் செய்த வைத்தியம்

ஆய்வுப் பண்ணைக்கு அவருக்குக் கிடைத்ததும் களைத்துப்போன நிலமே. ஏழை விவசாயியால் வாங்க முடியாத உரத்தைப் போட்டு விளைச்சல் காட்டுவதில் பயனில்லை என்று கருதினார். அவர் கடைப்பிடித்த முறைகள் இவை:

முதலாவது, ஆழ உழவு. அடிமண் இளகினால் மழைநீர் ஓடாமல் உள்ளே இறங்கும். சரிவில் வரப்பு கட்டி மண் அரிப்பைத் தடுப்பதையும் சேர்த்தே சொன்னார்.

இரண்டாவது, பயிர் சுழற்சி. பருத்திக்கு அடுத்து தட்டைப்பயறு, நிலக்கடலை போன்ற பயறு வகைகள். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றிக் கொடுக்கும். அறுவடைக்குப் பின் வேரும் இலையும் மண்ணிலேயே மட்கும்போது, அடுத்த பயிருக்கு அது உரம்.

மூன்றாவது, காட்டு இலையும் சதுப்புச் சேறும். உதிர்ந்த இலைகள், தொழுவக் கழிவு, சதுப்பிலிருந்து அள்ளிய கறுப்புச் சேறு ஆகியவற்றைக் குழியில் அடுக்கி மட்க வைத்து நிலத்தில் இடச் சொன்னார். செலவு, உடல் உழைப்பு மட்டுமே. மட்குச் சத்து உள்ள மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை தள்ளிப் போனாலும் பயிர் சில நாள் தாக்குப்பிடிக்கும்.

நான்காவது, வீட்டுத் தோட்டம். சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கீரை, காய்கறி, தட்டைப்பயறு ஆகியவை இருந்தால் கடையில் கடன் சொல்ல வேண்டாம் என்றார்.

மண்ணிடம் ஈவிரக்கமின்றி நடப்பது, சக மனிதரிடம் அப்படி நடப்பதைப் போன்ற தவறுதான் என்பது அவர் கருத்து. மண்ணை உறிஞ்சிவிட்டு வெறும் நிலத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை அவர் பொருளாதாரக் கணக்காக மட்டும் பார்க்கவில்லை. அவருக்கு அது பாவமும்கூட.

வண்டியில் போன பள்ளி

நல்ல முறையைக் கண்டுபிடித்துப் பண்ணைக்குள் வைத்திருந்தால் போதாது. பள்ளிக்கு வர நேரமும் காசும் இல்லாத விவசாயியிடம் அது எப்படிப் போய்ச் சேரும்? 1906-ல் இதற்கு விடையாக வந்தது ஜெசப் வண்டி. நியூயார்க் வங்கியாளர் மாரிஸ் ஜெசப் தந்த பணத்தில் கட்டப்பட்ட அந்தக் குதிரை வண்டியில் கலப்பை, விதை, பால் கடையும் கருவி என எல்லாம் ஏற்றப்பட்டன. ஊர் ஊராகப் போய், விவசாயியின் சொந்த நிலத்திலேயே உழுது காட்டினார்கள். அதே ஆண்டு கார்வரின் மாணவர் தாமஸ் கேம்ப்பெல், அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்கப் பணியாளராக நியமிக்கப்பட்டு வண்டிப் பொறுப்பை ஏற்றார். இன்றைய விரிவாக்கப் பணியின் ஆரம்ப வேர்களில் இந்த வண்டியும் ஒன்று.

கார்வர் 40-க்கும் மேற்பட்ட சிறு வெளியீடுகள் எழுதினார். விவசாயிக்கு ஒரு பகுதி, ஆசிரியருக்கு ஒரு பகுதி, வீட்டில் சமைக்கும் பெண்களுக்கு ஒரு பகுதி என்று பலவற்றைப் பிரித்து எழுதினார். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசித்தால், தெரியாதவர் செய்து பார்க்கும் அளவுக்கு எளிய நடை. உள்ளூர்க் களிமண்ணிலிருந்தே வண்ணச் சுண்ணாம்பு தயாரித்துக் குடிசைகளுக்கும் கிராமத்து ஆலயங்களுக்கும் பூசவும் கற்றுக்கொடுத்தார்.

வண்டு வந்தது, கடலை வந்தது

மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைந்த பருத்திக் காய் கூன்வண்டு, 1910-ஐ ஒட்டி அலபாமாவை எட்டியது. பருத்தி மட்டுமே போட்டவர்கள் ஒரே பருவத்தில் நொடித்தனர். மாற்றுப் பயிர் பற்றிக் கார்வர் சொன்னதற்கு இப்போது காது கிடைத்தது. பலர் நிலக்கடலைக்கு மாறினர். அலபாமாவின் என்டர்பிரைஸ் நகர மக்கள், பருத்தியிலிருந்து தங்களை விடுவித்த அந்த வண்டுக்கே 1919-ல் நினைவுச்சின்னம் வைத்தனர்.

கடலை விளைந்தால் விற்க வேண்டுமே? சந்தை இல்லாவிட்டால் விவசாயியைப் புதுக் குழியில் தள்ளியதாகிவிடும். எனவே கடலையை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஆராய்ந்தார். 1916-ல் வெளியான அவருடைய ஏட்டில், கடலை சாகுபடியோடு 105 சமையல் முறைகள் இருந்தன. உணவு, பால், எண்ணெய், சாயம் எனச் சுமார் 300 பயன்பாடுகளை அவர் பெயரில் கணக்கிடுகிறார்கள். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று சொல்வது மட்டும் சரியல்ல. அது அவருக்கு முன்பே இருந்தது.

1921-ல் கடலை இறக்குமதி வரி பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் பேச அவரை அழைத்தனர். 10 நிமிடம்தான் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் கேலியும் இருந்தது. கடலைப் பொருள்களை ஒவ்வொன்றாக அவர் எடுத்துக் காட்டக் காட்ட, நேரத்தை அவர்களே நீட்டித்தனர். விதை தரும் பூண்டுகளை மனிதனுக்கு உணவாகக் கொடுத்ததைச் சொல்லும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை அங்கேயே எடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு வந்த வரிச் சட்டத்தில் கடலை விவசாயிக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

ஞாயிறு மாலை வகுப்பு

தினமும் விடிவதற்கு முன் எழுந்து காட்டுக்குள் நடப்பது கார்வரின் வழக்கம். செடி, பூஞ்சாணம், கல் என்று சேகரித்துக்கொண்டே நடப்பார். அதுதான் அவருடைய ஜெப நேரமும். இயற்கை வழியாகக் கடவுள் எந்நேரமும் பேசுகிறார், கேட்க நாம்தான் காது கொடுப்பதில்லை என்பார். ஆய்வுக்கூடத்துக்குக் கடவுளின் சிறு பட்டறை என்று பெயர் வைத்திருந்தார்.

1907-ஐ ஒட்டி மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் ஞாயிறு மாலைகளில் வேதாகம வகுப்பு தொடங்கினார். சுமார் 30 ஆண்டுகள் அது நடந்தது. வருகைப் பதிவு கிடையாது, கட்டாயம் கிடையாது, ஆனாலும் அறை நிரம்பியது. ஒரு செடியையோ பூச்சியையோ கல்லையோ கையில் வைத்துக்கொண்டு வேதக் கதைகளை விளக்குவார். உன் வழிகளில் எல்லாம் கடவுளை நினை என்னும் பொருள்பட்ட நீதிமொழிகளின் போதனை அவருக்கு மிகப் பிடித்தது.

1924-ல் நியூயார்க் ஆலயம் ஒன்றில் பேசியபோது, தன் ஆராய்ச்சிக்குக் கடவுளின் ஏவுதலே காரணம் என்றார். விஞ்ஞானி இப்படிப் பேசலாமா என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்தில் கண்டித்தது. கார்வர் பதில் எழுதினார். தான் படித்த கல்லூரிகளையும் நூல்களையும் அதில் குறிப்பிட்டார். ஏவுதலை நம்புவதால் படிப்பும் உழைப்பும் வேண்டாம் என்று ஆகிவிடாது என்பதே அவர் வாதம்.

குறைகளும் உண்டு

அவருடைய பொருள்களில் சந்தையில் நிலைத்தவை மிகக் குறைவு. பல செய்முறைகளை அவர் எழுதி வைக்கவில்லை. காப்புரிமை பெற்றவை மூன்றே மூன்று. நிர்வாகத்தில் கெட்டிக்காரர் அல்ல. கோழிப்பண்ணைக் கணக்கு முதல் வகுப்பு நேரம்வரை, புக்கர் டி. வாஷிங்டனோடு அடிக்கடி உரசல். விலகிவிடுவதாகப் பலமுறை எழுதியும் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலம் சொந்தமில்லாத குத்தகைதாரர் மண்ணைத் திருத்தினால், பலனில் பெரும்பங்கு நிலக்காரருக்கே போனது. அந்த முடிச்சைக் கார்வரின் பயறும் மட்கு உரமும் அவிழ்க்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களின் தட்டில் காய்கறியும் பயறும் வந்தன. அது சிறிய காரியம் அல்ல.

கடைசி நாட்கள்

சம்பள உயர்வில் அவருக்கு அக்கறை இருந்ததில்லை. பழைய கோட்டுதான். ஆனால் அதன் பொத்தான் துளையில் தினமும் ஒரு புதுப் பூ இருக்கும். 1940-ல் தன் சேமிப்பைக் கொண்டு, டஸ்கீகியில் ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1943 ஜனவரி 5-ல் மறைந்தார். உரசிக்கொண்டே உடன் உழைத்த புக்கர் டி. வாஷிங்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு அவர் பிறந்த இடத்தை அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது.

கான்சாஸில் அவர் கைவிட்டு வந்த 17 ஏக்கரை மழை காப்பாற்றவில்லை. மழை நம் கையில் இல்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அதைக் கடவுளிடம் விட்டுவிட்டு, தன் கையில் இருப்பதைத் தேடினார். உதிர்ந்த இலை, சதுப்புச் சேறு, ஒரு பிடி தட்டைப்பயறு, ஆழமாக ஓர் உழவு. இவற்றில் எதற்கும் கடன் வாங்க வேண்டியதில்லை. மானாவாரி நிலம் வைத்திருப்பவர்கள் அடுத்த மழைக்கு முன், வரப்போரம் எரிக்க வைத்திருக்கும் சருகை ஒரு குழியில் போட்டு மூடினால், அந்த வேலை அங்கிருந்து தொடங்கும்.